சயாமுக்குப் போனவர்கள்





புரட்டாசி அமாவாசை கழிந்த சில நாட்களில் இந்த இதழ் உங்கள் கைக்கு வந்திருக்கும். இறந்த நாள் தெரிந்தவர்களுக்கு அந்தந்தத் திதியில் செய்துவிடுகிறோம். எந்த நாளில், எந்த மண்ணில் உயிர் போனது என்று தெரியாதவர்களுக்கென்று இருப்பது மாளய அமாவாசை. சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கங்களில் இன்றைக்கும் பல வீடுகளில் அன்று சொல்லப்படும் பெயர்களுள் மலேயாவுக்குக் கப்பலேறிய ஒருவரின் பெயரும் இருக்கிறது. அவர் என்ன ஆனார் என்று சின்னவர்கள் கேட்டால் பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். "ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

அந்த ஒரு வரிக்குள் அடைந்து கிடப்பதை உங்களோடு பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அக்டோபர் அதற்கு ஏற்ற மாதம்தான். பர்மாவிலிருந்து தெற்கே இறங்கிய தண்டவாளமும் சயாமிலிருந்து வடமேற்கே ஏறிய தண்டவாளமும் 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா என்ற இடத்தருகே ஒன்று சேர்ந்தன. சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், நோங் பிளாடுக் தொடங்கி பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். காடும் மலையும் மழையும் மலேரியாவும் நிறைந்த தடம். முன்பு ஆங்கிலேயர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்ட வழி அது. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகத் தளவாடம் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், 1942-ன் நடுவில் ஜப்பான் ராணுவம் அந்தத் தடத்தைக் கையில் எடுத்தது. ஆண்டுக்கணக்காகும் வேலையை ஒன்றரை ஆண்டுக்குள் முடித்தார்கள். எப்படி முடித்தார்கள் என்பதற்கு அந்தக் காடுதான் சாட்சி.

நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள், சில நூறு அமெரிக்கர்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இந்தக் கணக்கை உலகம் நன்றாக அறியும். பர்மா, மலேயா, ஜாவா, சயாம் முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் இதைப்போல மூன்று மடங்கு. அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பின்னால் போட்ட மதிப்பீடு. மலேயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

மலேயாத் தோட்டங்கள் அன்று இருந்த நிலையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதற்கு முன்பே தோட்டத்துத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள் அல்லது பிடிபட்டுவிட்டார்கள். ரப்பர் வாங்க ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பல் வருவது நின்றது. பால்மரம் இருந்தது, பால் வெட்டும் கை இருந்தது, வாங்க ஆள் இல்லை. மலேயா தின்ற அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது, அதுவும் நின்றது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரவள்ளி போட்டு, மூன்று வேளையும் அதையே தின்றார்கள். துணி கிடைக்காமல் சாக்கை வெட்டிக் கட்டிக்கொண்டார்கள். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு கட்டுக்கட்டாகப் புழங்கியது, அதைக் கொடுத்து வாங்கத்தான் கடையில் ஒன்றும் இல்லை. ஜப்பான்காரன் ஆள் தேடி வந்தபோது பசி அவனுக்கு முன்னால் வந்து பாதி வேலையை முடித்திருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. என் அப்பத்தாவின் அண்ணன். நாங்கள் மலேயாத் தாத்தா என்போம். முப்பதுகளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர். ஐம்பதுகளில் ரஜூலா கப்பலில் ஊருக்கு வந்து, கடைசிவரை சிவகங்கைச் சீமையில் எங்களோடுதான் இருந்தார். அந்த வகையில் எங்கள் குடும்பம் கொடுத்துவைத்தது. ஆனாலும் அவர் எப்படிப் போனார் என்பதற்கு வீட்டில் இன்றுவரை இரண்டு கதைகள் இருக்கின்றன.

அப்பா சொல்லும் கதை இது. டவுனில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று தோட்டத்து ஆட்கள் கூட்டமாகப் போனார்கள். படம் நடுவில் நின்றது. விளக்கு எரிந்தது. கதவுகளில் துப்பாக்கியோடு ஜப்பான் சிப்பாய்கள். பெண்களையும் கிழவர்களையும் வெளியே விட்டுவிட்டு, மற்றவர்களை லாரியில் ஏற்றி நேரே ரயில் நிலையம். "எங்க மாமா கட்டியிருந்த கைலியோட போனவரு" என்பார் அப்பா.

அத்தை இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "சினிமாவும் இல்லை, ஒண்ணும் இல்லை. மாமா பேர் குடுத்துத்தான் போனாக. மூணு மாசம் வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, குடும்பத்துக்கு அரிசின்னு தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வந்து சொன்னாரு. வீட்ல பிள்ளைக பட்டினி. போயிட்டாக." இதை அத்தைக்குச் சொன்னது அப்பத்தா. அப்பத்தாவுக்குச் சொன்னது தாத்தாவே.

நடந்தவற்றைப் படித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. முதலில் மூன்று மாத ஒப்பந்தம், நல்ல கூலி, இருக்க இடம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் யாரும் மூன்று மாதத்தில் திரும்பாமல் போகவே, ஆள் கிடைப்பது குறைந்தது. அதன்பின் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டார்கள். 1943-ன் தொடக்க மாதங்களிலிருந்து ரோட்டிலும் கடைத்தெருவிலும் கள்ளுக்கடை வாசலிலும் வளைத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டிப் பிடித்த கதை மலேயாவின் பல ஊர்களில் சொல்லப்படுகிறது. எந்த மாதம் போனார் என்பது தெரிந்தால் எந்தக் கதை எங்கள் தாத்தாவுக்குப் பொருந்தும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாதம் தெரியவில்லை.

எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தாத்தா சயாமில் இருந்தபோது அவருடைய இளைய மகள் தோட்டத்தில் இறந்துபோனாள். காய்ச்சல் என்கிறார்கள். பசி என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அரிசி கிடைக்கும் என்று தானாகப் பெயர் கொடுத்துவிட்டுப் போன மனிதர் திரும்பி வந்து அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறார். அதை அவர் தங்கை ஒருத்தியிடம் மட்டுமே சொல்லியிருக்க வேண்டும். வாலிபப் பையன்களாக இருந்த என் அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் சொல்லிக்கொள்ள சினிமாக் கொட்டகை போதுமாக இருந்தது. அந்தக் கொட்டகையில் சிக்கிய வேறு யாருடைய கதையையோ அவர் முகாமில் கேட்டிருக்கலாம். இரண்டையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றை அடித்துவிட்டால், மகளை இழந்த தகப்பன் ஒருவரை நாங்களே அழித்துவிடுவோம் என்று தோன்றுகிறது. உங்கள் வீட்டுக் கதைகளும் ஒன்றோடொன்று முரண்பட்டால் தயவுசெய்து அவற்றைச் சரிசெய்யாதீர்கள்.

முகாமைப் பற்றி அவர் முழுக்கதையாக எதையும் சொன்னதில்லை. துண்டு துண்டாக, வேறு எதையோ பேசும்போது வரும். மூடிய சரக்குப் பெட்டியில் நாள்கணக்காக நின்றுகொண்டே போனது. பான்பொங்கில் இறக்கிவிட்டு அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவிட்டது. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில், ஓலை பாதி போட்டும் போடாததுமான மூங்கில் கொட்டகைகளில் படுத்தது. காலையில் வரிசையில் நிறுத்தி இச்சி, நி, சான் என்று எண்ணச் சொன்னது. எண்ணிக்கை தப்பினால் மூங்கில் கழியால் அடி, கூடவே "பாகேரோ" என்ற வசவு. வழியில் ஒரு தாய்லாந்துக் கிழவி வாழையிலையில் சோற்றை மடித்து யாரும் பார்க்காதபோது கையில் திணித்ததை மட்டும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சொல்லாததை அவருடைய பழக்கங்கள் சொல்லின. எத்தனை வயதானாலும், எத்தனை சுத்தமான கிணறு என்றாலும், காய்ச்சாத தண்ணீரைத் தொட மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வீட்டிலிருந்து செம்பில் எடுத்துக்கொண்டு போவார். "தண்ணியக் காய்ச்சிக் குடிச்சவன் பொழச்சான்" என்பார், அவ்வளவுதான். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்த வடு. எங்கள் தோப்பில் காய்ந்த மூங்கிலை வெட்டிக் கொளுத்தினால் எழுந்து ஊருக்குள் போய்விடுவார். மூங்கில் எரியும்போது கணுக்கள் வெடிக்கும், அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது.

இந்த மூன்றுக்கும் காரணம் பின்னாளில் மற்ற கைதிகளின் குறிப்புகளைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. 1943 மே மாதம் மழை தொடங்கியதும் முகாம்களில் காலரா பரவியது. வெள்ளைக்காரக் கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் கட்டுப்பாடு இருந்தது. தண்ணீரைக் காய்ச்சு, தட்டைக் கொதிநீரில் போடு, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டு என்று சொல்லவும் செய்யவைக்கவும் அதிகாரிகள் இருந்தார்கள். தமிழர்களின் முகாம்களில் அப்படி யாரும் இல்லை. ஒரே ஆற்றங்கரையில் பக்கத்துப் பக்கத்து முகாம்களில் இறப்பு விகிதம் அவ்வளவு மாறியதற்கு இதுவே பெரிய காரணம். இறந்தவர்களை மூங்கில் அடுக்கி எரித்தார்கள். கால் புண்கள் எலும்புவரை அரித்தன. அழுகிய சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள். வேலையாட்கள் இப்படிச் செத்தால் பாதை முடியாது என்று ஜப்பானியர்களுக்கே தெரிந்த பிறகு, 1943 ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து 30 கைதி மருத்துவர்களையும் 200 உதவியாளர்களையும் தொழிலாளர் முகாம்களுக்கென்று அனுப்பினார்கள். இத்தனை ஆயிரம் பேருக்கு அவ்வளவுதான். தாத்தாவுக்குத் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லிக்கொடுத்தது அவர்களில் ஒருவராக இருக்கலாம், எங்கோ தோட்டத்து டிரஸ்ஸராக இருந்த ஒரு தமிழராகவும் இருக்கலாம். அவருக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரக் கைதிகளின் துன்பத்தைக் குறைத்துப் பேச எனக்கு ஒருபோதும் மனம் வராது. அவர்கள் பட்டதும் அதே அடி, அதே பட்டினி. லண்டனிலும் மெல்போர்னிலும் அவர்கள் வீட்டுப் பெண்கள் காத்திருந்த காத்திருப்பும் அதேதான். தூரக்கிழக்கில் இருந்த கைதிக்கு வீட்டிலிருந்து எழுதும் கடிதம் 25 சொற்களுக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருந்தது. கைதி அனுப்பும் அட்டையில் வாசகங்கள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். மூன்றரை ஆண்டில் அப்படி ஓரிரு அட்டைகள் வந்துசேர்ந்தாலே பெரிது. அந்தக் குடும்பங்கள் அதை எண்பது வருடமாகப் பெட்டியில் வைத்துக் காக்கின்றன. எனக்குள் எழும் ஏக்கம் வேறு. அவர்களுக்கு அந்த அட்டையாவது இருக்கிறது.

அட்டை தவிர அவர்களுக்கு இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஆஸ்திரேலிய மருத்துவர் வியரி டன்லப் முகாமில் மறைத்து எழுதிய நாட்குறிப்பு 1986-ல் புத்தகமாக வந்தது. ஓவியர் ரொனால்டு சேர்ல் தன் கோட்டோவியங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தார், காவலர்கள் அங்கே கை வைக்க மாட்டார்கள் என்று. அவை இன்று லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் உள்ளன. போர் முடிந்த கையோடு, 1945-ன் இறுதி மாதங்களில் ஒரு குழு தண்டவாளம் நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. கைதிகள் தங்கள் தோழர்களைப் புதைக்கும்போதே பெயரையும் எண்ணையும் குறித்து, அந்தக் குறிப்பைப் புட்டியில் அடைத்துப் புதைத்திருந்தார்கள். அந்த எலும்புகள் காஞ்சனாபுரியிலும் சுங்காயிலும் தான்பியூசயாட்டிலும் புல்வெளிக்கு நடுவே, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பலகையோடு இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் போய்ப் பூ வைக்கிறார்கள்.

நம்மவர்களுக்காக அப்படி ஒரு குழு போகவில்லை. பெயர்ப் பட்டியல் இல்லை. புட்டி இல்லை. 1990-ல் காஞ்சனாபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிளம்பின. ஆசியத் தொழிலாளர்கள் என்று அடையாளம் கண்டார்கள், அதற்கு மேல் எவருக்கும் பெயர் சொல்ல முடியவில்லை. சிப்பாய்க்குச் சர்வதேசச் சட்டத்தில் கைதி என்ற இடம் இருந்தது. ஜப்பான் அந்தச் சட்டத்தை முழுமையாக ஏற்கவில்லை என்றாலும், போருக்குப் பின் வழக்கு நடத்தவும் இழப்பீடு கேட்கவும் அது உதவியது. தோட்டத்துத் தொழிலாளி தானாக வேலைக்கு வந்த கூலி என்று ஏட்டில் எழுதப்பட்டார். மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாதவரை, ஓடினால் பிடித்து அடிக்கப்பட்டவரை நான் கைதி என்றே சொல்வேன். எங்கள் தாத்தா போர்க்கைதி. அதைச் சொல்லுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சண்டை போட்டுப் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களின் கதை வேறு. சிங்கப்பூரில் சரணடைந்த 40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராத பலரை நியூகினிக்கும் வேறு தீவுகளுக்கும் அனுப்பினார்கள், அங்கே பட்டினியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். சென்னை மாகாணத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அந்தக் குடும்பங்களையும் இந்தப் பக்கத்தின் வழியாக அழைக்கிறேன்.

தோட்டத்தில் விடப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை நிறைவாகாது. ஊரில் என் அப்பத்தாவுக்கு அண்ணனிடமிருந்து மணியார்டரும் கடிதமும் நின்று நான்கு வருடம். மலேயாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே தபாலே இல்லாத காலம். அங்கே லயத்தில் தாத்தாவின் மனைவி, எங்கள் மலேயாப் பாட்டி, மூன்று பிள்ளைகளோடு. ஆண்கள் இல்லாத தோட்டத்தில் மரவள்ளி நட்டதும், பக்கத்து மலாய்க் கிராமத்தில் சட்டி பானையைக் கொடுத்து அரிசி வாங்கியதும், பிணத்தைத் தூக்க ஆளில்லாமல் பெண்களே தூக்கியதும் பாட்டி சொல்லி நாங்கள் கேட்டவை. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், "அந்த முகாமே வாந்திபேதில போயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பெரியவர்கள் கூடி, பாட்டியின் பொட்டை அழித்துவிடலாமா என்று பேசியிருக்கிறார்கள். "உடம்பைப் பாத்தவுக யாரு? அவுகளைக் கூப்பிடுங்க, அப்புறம் அழிக்கிறேன்" என்று பாட்டி கேட்டாராம். பார்த்தவர் யாரும் இல்லை. பாட்டி தாலியோடு இருந்தார். லயத்தில் வேறு சிலர் தாலியைக் கழற்றினார்கள், வேறு கல்யாணமும் செய்துகொண்டார்கள், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே. அவர்களில் ஒருத்தியின் புருஷன் 1946-ல் திரும்பி வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாராம். பாட்டி இதைச் சொல்லும்போது யாரையும் குறை சொன்னதே இல்லை. "அவளும் என்ன செய்வா, அந்த மனுசனும் என்ன செய்வான்" என்பார்.

ஆண்கள் பேசாமல் போனதைப் பெண்கள்தான் இப்படி வைத்திருந்தார்கள். அரசாங்க ஏட்டில் இல்லாதது, மருத்துவர்களின் நாட்குறிப்பில் ஓரமாக மட்டும் வருவது, பாட்டிகளின் பேச்சில் முழுசாக இருந்தது. நமக்கிருக்கும் ஆவணக்காப்பகம் அதுதான். அந்தப் பாட்டிகளும் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்ட மகள்களும் மருமகள்களும் இப்போது எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். எனக்கிருக்கும் அவசரம் இந்தக் கணக்கால் வந்தது.

திரும்பியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். தாத்தா ஒரு துணி மூட்டை நிறைய நோட்டோடு வந்தார். சயாமில் சேர்த்த கூலி. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினார்கள். பிரிட்டிஷ் போர்க்கைதிகளுக்கு ஐம்பதுகளில் ஆளுக்கு 76 பவுண்டு சொச்சம் இழப்பீடு வந்தது, போதாது என்று அவர்கள் விடாமல் போராடி, 2000-ல் பிரிட்டிஷ் அரசு உயிரோடிருந்தவர்களுக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. தண்டவாளத்தின் சயாம் பகுதியை பிரிட்டன் தாய்லாந்துக்கு விலைக்கு விற்றது. 1967-ல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மலேசியாவுக்கு 2 கோடியே 50 லட்சம் மலேசிய வெள்ளி மதிப்புக்குக் கப்பல்கள் கிடைத்தன. அது அரசோடு அரசு முடித்துக்கொண்ட கணக்கு, தோட்டத்து விதவைகளின் கைக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. மதிப்பும் அப்படித்தான். 1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு, சயாமுக்குப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தவர்கள் உண்டு. சுதந்திர இந்தியா அவர்களைத் தியாகிகள் என்று மதித்தது, அது நியாயமே. அதே லயத்தின் அடுத்த வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க எந்த நாடும் முன்வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது சயாமில் எடுக்கப்படவில்லை, இலங்கையில் கித்துல்கலையில், களனி ஆற்றில் பாலம் கட்டி எடுத்தார்கள். நல்ல படம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்த ஆற்றங்கரையில் தமிழன் ஒருவன் நின்றான் என்ற எண்ணமே எழாது. தமிழில் அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களைத் தேடிப் படியுங்கள். பெரியவர்களின் வாயிலிருந்து கேட்ட வாழ்க்கை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர்கள் முயன்று காஞ்சனாபுரியில் ஒரு நடுகல்லும் எழுப்பியிருக்கிறார்கள். போரில் பட்டவனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். அந்த மண்ணுக்கு அது சேர்ந்ததில் எனக்கு மனநிறைவு.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர், அல்லது அந்தப் போரில் வேறெங்காவது கைதியாக இருந்தவர் யாராவது உண்டென்றால், அவரைப் பற்றி வீட்டில் பேசப்பட்டதை எழுதி அனுப்புங்கள். திரும்பி வந்தவராகவும் இருக்கலாம், வராதவராகவும் இருக்கலாம். பெரிய கதையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்த ஊரிலிருந்து போனார், எந்தத் தோட்டம், கங்காணி யார் ஊர்க்காரர், கூட யாரெல்லாம் போனார்கள், திரும்பி வந்த பின் எதைச் சாப்பிட மறுத்தார், எந்தச் சத்தத்துக்குப் பயந்தார், தூக்கத்தில் என்ன சொன்னார், இவை போதும். வீட்டிலிருக்கும் மூத்த பெண்களிடம் முதலில் கேளுங்கள். "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றுதான் பதில் வரும். "அப்ப என்ன சமைச்சீங்க, என்ன கட்டிக்கிட்டீங்க, விளக்குக்கு எண்ணெய்க்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்திவிடுங்கள். இன்னொரு நாள் அவர்களாகவே தொடர்வார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன பேச்சுவழக்கிலேயே எழுதுங்கள், திருத்தமான தமிழுக்கு மாற்ற வேண்டாம்.

ஈப்போவிலோ பினாங்கிலோ ஸ்டூடியோவில் எடுத்த பழைய படம், கப்பல் சீட்டு, வாழைமர நோட்டு எதுவும் வீட்டில் இருந்தால் அதன் நகலை மட்டும் அனுப்புங்கள். மூலத்தை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். படத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் நகலெடுங்கள், அங்கேதான் பெரும்பாலும் தேதியும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். மலேசிய வாசகர்கள் தோட்டப் பெயரோடு பக்கத்து டவுனின் பெயரையும் எழுதினால் நல்லது. பல தோட்டங்கள் செம்பனைக்காடாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன, பழைய தோட்டப் பெயரை வைத்து மட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு குடும்பங்கள் எழுதினால், இருவரும் சம்மதித்தால், ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைப்போம்.

வருகிற கடிதங்களின் முதல் பகுதி தை இதழில் வரும். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் நாங்கள் படித்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்